நிபிகன் ஏரியைக் கனூவில் கடக்க ஐந்து நாள் போதுமா?

கேட்டது என் பழைய வகுப்புத் தோழனின் மகன். திருகோணமலை உப்புவெளியில் பிறந்து வளர்ந்தவன், ஏழு வருடமாக ஸ்காபரோவில் இருக்கிறான். இப்போது லீவில் ஊருக்கு வந்து நிற்கிறான். அவன் எழுதியது இது:

"மாமா, ஆகஸ்ட் முதல் கிழமை நாங்கள் நான்கு பேர் இரண்டு கனூவில் (துடுப்புப் படகில்) கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து நிபிகன் ஏரியைக் கடக்கப் போகிறோம். மேற்குக் கரையில் கல் பே பக்கம் இறங்கி, தென்கிழக்கே மக்டயர்மிட்டில் கரையேறுவது திட்டம். நேர்கோட்டில் 75 கிலோமீட்டர் வருகிறது. வளைவு சுழிவோடு நூறு என்று வைத்து, நாளுக்கு 20 கிலோமீட்டராக ஐந்து நாள் போட்டிருக்கிறோம். நான்கு பேருக்கும் நன்றாக நீந்தத் தெரியும். புறாமலைத் தீவுக்குக் கயாக்கில் போய் வந்திருக்கிறோம். என்னென்ன சாமான் கொண்டு போக வேண்டும்?"

தம்பி, சாமானைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஐந்து நாளைப் பத்து நாளாக்கு. அவ்வளவு லீவு கிடைக்காது என்றால் பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவை, அல்லது வேறு ஏரியைப் பார். ஒவ்வொரு நாளும் ஏரி வழிவிடும் என்று நம்பிப் போட்ட கணக்கு உன்னுடையது. தண்டர் பேயில் வேலை செய்த 16 வருடத்தில் நான் அந்த ஏரிக்கு ஐந்து தடவை போனேன். முழுதாகக் கடந்தது இரண்டே தடவை. மற்ற மூன்று தடவையும் காற்று விடவில்லை, கரையோரமாகச் சுற்றிவிட்டுத் திரும்பினேன். அந்த மூன்றையும் வீண் பயணம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஏரி என்ற சொல்லே நம்மை ஏமாற்றிவிடும். நமக்குக் கந்தளாய்க் குளம்தான் மனதில் வரும்: கட்டில் ஏறி நின்றால் அக்கரை தெரியும். நிபிகனின் பரப்பு ஏறக்குறைய 4,850 சதுர கிலோமீட்டர். நம் திருகோணமலை மாவட்டம் மொத்தமே 2,727. வெருகலிலிருந்து புல்மோட்டை வரை முழு மாவட்டத்தையும் தூக்கி உள்ளே வைத்தாலும் சுற்றிவர இடம் மிஞ்சும். ஆழமான இடத்தில் 165 மீட்டர். அதன் தண்ணீர் நிபிகன் ஆற்றின் வழியாகத் தெற்கே சுப்பீரியர் ஏரிக்குப் போகிறது. உள்ளே நூற்றுக்கணக்கில் தீவுகள். கெல்வின், மர்ச்சிசன், ஷேக்ஸ்பியர் போன்றவை ஒவ்வொன்றும் சுற்றி வரவே ஒரு நாளைக் கேட்கும். வரைபடத்தில் பார்த்தால் வாய்க்காலைத் தாண்டப் போட்ட கற்கள் மாதிரி வரிசையாக இருக்கும். அந்த வரிசையைக் கண்டுதான் நீயும் துணிந்திருப்பாய். தவறு ஒன்றும் இல்லை, நானும் அப்படித்தான் துணிந்தேன். ஆனால் நீ அளக்க வேண்டியது தீவுகளுக்கு இடையே கிடக்கும் வெறும் தண்ணீரை.

இனி காற்று. இதை நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் நீ பார்த்து வளர்ந்ததை அங்கே மறக்காமல் இருந்தால் போதும். இப்போது ஜூன் மாதம், கச்சான் காற்று அடிக்கிறது. அலஸ்தோட்டத்துக் கரையில் போய் நின்று பார். தண்ணீர் தகடு மாதிரிக் கிடக்கும். காற்று இல்லாமல் இல்லை, உன் முதுகில் படுகிறது, சட்டை முன்னால் பறக்கிறது. அது மேற்கிலிருந்து தரையைத் தாண்டிக் கடலுக்குப் போகும் காற்று. கரையோரத்தில் அலை எழுப்ப அதற்கு ஓடுவதற்குத் தூரம் இல்லை. மே தொடங்கி செப்டம்பர் வரை நம் பக்கக் கடல் குளிக்க நல்லது என்று வெளிநாட்டுக்காரர் வருவதும் இதனால்தான். அதே நேரம், பிள்ளையை ரப்பர் வளையத்தில் மிதக்கவிட்டுப் பார்வையை எடுத்தால் என்ன ஆகும் என்று சல்லியில் தொழில் செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கரையில் தகடு. கொஞ்சம் வெளியே போனால் சிற்றலை. இன்னும் போனால் வெள்ளை நுரை. கரையில் நிற்பவனுக்கு அந்த நுரை எளிதில் தெரியாது, ஏனென்றால் அலையின் முதுகுப் பக்கம்தான் அவனைப் பார்த்து இருக்கும்.

சரி, இப்போது உன் பாதையைப் பார். மேற்கிலிருந்து கிழக்கே. அந்தப் பகுதியில் கோடையில் காற்று பெரும்பாலும் மேற்குப் பக்கமிருந்துதான் வரும். அப்படியானால் நீ கனூவை இறக்கும் ஒவ்வொரு கரையும் கச்சான் காலத்து அலஸ்தோட்டம்தான். இறங்கும் இடம் அமைதியாக இருக்கும். பின்காற்று, தள்ளிக்கொண்டு போகும் என்று சந்தோஷமாகவும் இருக்கும். அரை மணித்தியாலம் கழித்துத்தான் தெரியும் எதற்குள் வந்திருக்கிறோம் என்று.

எனக்கு அது இரண்டாவது பயணத்தில் தெரிந்தது. காலை பத்து மணிக்கு, நன்றாகச் சாப்பிட்டு, ஆறுதலாகப் புறப்பட்டோம். நான் பின்னால், கூட்டாளி முன்னால். நாற்பது நிமிடத்தில் பின்னாலிருந்து ஒரு அலை கனூவின் வாலைத் தூக்கியது. தூக்கினதும் கனூ தானாக முன்னே சரிந்து ஓடியது, மூக்கு அடுத்த அலைக்குள் குத்தியது. ஒரு வாளி தண்ணீர் கூட்டாளியின் மடியில். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, துடுப்பைப் பிடித்திருந்த விரல் மூட்டுகள் வெளிறியிருந்ததை மட்டும் கண்டேன். திரும்பலாம் என்றால் பக்கவாட்டை அலைக்குக் காட்ட வேண்டும், அது கவிழ்வதற்குச் சமம். இருக்கையை விட்டு இறங்கி முழங்காலில் நின்றோம். தேநீர்க் கேத்தல் என் கால்களுக்கு நடுவில் மிதந்து மிதந்து வந்து முட்டியது. பிறகு தீவு வந்தது. ஆனால் நாம் வந்து சேர்வது தீவின் மேற்குக் கரைக்கு, அலை முழுவதும் வந்து உடைகிற பக்கத்துக்கு. அங்கே பாறை. கரையேற முடியாமல் தீவின் முனையைச் சுற்றி மறைவுப் பக்கத்துக்குப் போனோம். அந்த முனையில் காற்று இன்னும் நெருக்கமாக வீசும், இரண்டு பக்கமும் வளைந்து வரும் அலைகள் ஒன்றோடொன்று மோதும். அந்தப் பயணத்தில் என் நெஞ்சு அதிகம் அடித்தது நடு ஏரியில் இல்லை, அந்த முனையில்தான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு விதி. கிழக்கே போகும்போது, இறங்கும் கரையில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. மேட்டில் ஏறி, தூரத்தில் வெளியே பார்ப்பேன். ஒரு சின்னத் தொலைநோக்கி போதும். வெள்ளை நுரை அங்கங்கே தெரிந்தால் காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் அளவுக்கு வந்துவிட்டது. எங்கும் நுரை என்றால் 20ஐத் தாண்டிவிட்டது. நுரை தெரிந்தால் புறப்படுவதில்லை. கூடாரத்தைத் திரும்ப அடித்துவிடுவேன்.

அடுத்தது குளிர். காற்றை நீ அறிவாய், குளிரை அறியமாட்டாய். நம் கடல் 28 பாகை செல்சியஸில் இருக்கும். விழுந்தால் சிரித்துக்கொண்டு நீந்தி வருவோம். அதனால் நீந்தத் தெரியும் என்பது நமக்குப் பெரிய தைரியம். நிபிகனில் பனிக்கட்டி உடைவதே மே மாதத்தில்தான். ஆகஸ்டில் ஆழமில்லாத குடாக்கள் குளிக்கிற அளவுக்குச் சூடாகியிருக்கும், அதில் ஒருநாள் குளித்துவிட்டு ஏரியே இப்படித்தான் என்று நினைத்துவிடாதே. நடு ஏரி வேறு. காற்று மேல் தண்ணீரை ஒதுக்கிவிட்டால் கீழே கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே வந்துவிடும்.

தண்ணீர் 15 பாகைக்குக் கீழே போனால் உடம்பு உன் பேச்சைக் கேட்காது. மானிட்டோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் இதை எளிதாக மனதில் வைக்க மூன்று எண் சொல்வார்: 1, 10, 1. உறைகிற அளவு குளிரில் விழுந்தவனுக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம் பிடிக்கும். அந்த நிமிடத்தில் வாய்க்குள் தண்ணீர் போனால் கதை முடிந்தது. பிறகு கையும் காலும் உருப்படியாக வேலை செய்வது பத்து நிமிடம். உணர்வு தப்ப ஒரு மணித்தியாலம். கோடைத் தண்ணீரில் இந்த நேரங்கள் நீளும், ஆனால் நடக்கும் வரிசை இதுதான். கவனி, பெரும்பாலானவர்கள் உடம்பு குளிர்ந்து சாவதில்லை. அதற்கு முன்பே, மூச்சுத் திணறியோ கை விறைத்தோ மூழ்கிப் போகிறார்கள். ஆகவே லைஃப் ஜக்கெட் உடம்பில் பூட்டியிருக்க வேண்டும், இருக்கைக்குக் கீழே கிடந்தால் பலனில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் பாதை என்கிற மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் இறந்ததை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அது களப்புத் தண்ணீர், இரண்டு கரையும் கண்ணுக்கு முன்னால் இருந்தன. ஜக்கெட்டில் நான் யாருடனும் பேரம் பேசுவதில்லை. போடாதவன் என் கனூவில் ஏற மாட்டான்.

இந்த இரண்டையும் வைத்து இப்போது திட்டம் போடுவோம். கனடா அரசின் 1:50,000 வரைபடத் தாள்களை வாங்கு. அதில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். சாமான் ஏற்றிய கனூ அசையாத தண்ணீரில் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போகும், எதிர்காற்றில் அதில் பாதி. ஒவ்வொரு இடைவெளியையும் அளந்து, கிலோமீட்டரை எழுதாமல் நிமிடத்தை எழுது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெறும் தண்ணீரில் நிற்க வேண்டிய இடைவெளிகளைச் சிவப்பால் குறி. உன் நேர்கோட்டுப் பாதையில் சிவப்பு நிறைய வரும். அப்புறம் வடக்கே தெற்கே வளைந்து, தீவுக் கூட்டங்களின் மறைவில் போகிற இன்னொரு பாதையைத் தேடு. தூரம் கூடும், சிவப்பு குறையும். அதுதான் உன் பாதை. மிஞ்சுகிற ஒவ்வொரு சிவப்புக்கும் முன்னால் கூடாரம் அடிக்க ஓர் இடம் குறித்துக்கொள். முதல் நாள் மாலையே அங்கே போய்ப் படுக்க வேண்டும், விடிந்ததும் கடக்க வேண்டும்.

விடியல்தான் நேரம். ஊரில் வள்ளங்கள் ஏன் இருட்டில் புறப்படுகின்றன என்று உனக்குத் தெரியும். அங்கேயும் பகல் ஏற ஏறக் காற்று எழும்பும், பிற்பகலில் இடியும் சேரும். ஆகஸ்ட் தொடக்கத்தில் அங்கே சூரியன் காலை ஆறு மணி தாண்டித்தான் உதிக்கும், ஆனால் ஐந்தரைக்கே வெளிச்சம் வந்துவிடும். அதற்குள் கூடாரம் மடித்து, சாமான் கட்டி, ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இருக்க வேண்டும். சமையலை அக்கரையில் வைத்துக்கொள். நான் கடந்த பெரிய இடைவெளிகள் எல்லாம் காலை எட்டு மணிக்கு முன்னால் முடிந்தவை. ஒருமுறை ஒரு தீவில் மூன்று நாள் கிடந்தோம். நாலாம் நாள் நாலரைக்கு வெளியே வந்து பார்த்தால் மரத்து இலை அசையவில்லை, தண்ணீர் எண்ணெய் ஊற்றினது மாதிரி. துடுப்பிலிருந்து சொட்டும் துளிகளின் வட்டம் அப்படியே பின்னால் நின்றது. ஒரு மணித்தியாலம் யாரும் பேசவில்லை. மூன்று நாள் காத்திருந்ததற்கு ஏரி கொடுத்த கூலி அது.

மாலை நேரமும் சில நாள் அடங்கும், இரவு ஒன்பதரை வரை வெளிச்சமும் இருக்கும். ஆனாலும் மாலையை நம்பிப் பெரிய இடைவெளியைத் தொடாதே. காற்று திரும்ப எழும்பினால் இருட்டில் மாட்டுவாய்.

திசை பிடிப்பது பற்றி ஒன்று. தூரத்தில் இருந்து பார்த்தால் தீவும் கரையும் ஒரே கறுப்புக் கோடாக ஒட்டிவிடும். எந்தத் தீவு எது என்றே தெரியாது. ஜிபிஎஸ் இருக்கட்டும், திசைகாட்டியும் கழுத்தில் தொங்கட்டும். காற்று பக்கவாட்டில் தள்ளுகிறதா என்று பார்க்க நம் மீனவர்கள் செய்வதைச் செய்: முன்னால் ஒரு பாறை, அதற்குப் பின்னால் ஒரு மலை உச்சி, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு போ. இரண்டும் விலகினால் நீ இழுபடுகிறாய். கோணேசர் மலையை வைத்து இதைப் பழக இந்த இரண்டு கிழமை உனக்குக் கிடைத்திருக்கிறது.

பழகுவது என்றதும் சொல்கிறேன். உட்துறைமுகத்துப் பக்கம் துடுப்பைத் தூக்கிக்கொண்டு போகாதே, அது கடற்படையின் கட்டுப்பாட்டில் இருக்கிற இடம். உப்புவெளியிலேயே, இடுப்பளவு தண்ணீரில், ஒரு வள்ளத்தில் காவலுக்கு ஆளை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கவிழ்ந்து பழகு. இரண்டு கனூ போவதன் பலனே ஒன்று கவிழ்ந்தால் மற்றது தூக்கும் என்பதுதான். கவிழ்ந்த கனூவின் மூக்கை நிற்கும் கனூவின் குறுக்கே இழுத்து ஏற்றி, தண்ணீரை வடித்து, நிமிர்த்தித் திரும்ப இறக்க வேண்டும். பிறகு விழுந்தவர்களை ஏற்ற வேண்டும். முதல் தடவை பத்து நிமிடம் ஆகும். மூன்று நிமிடத்துக்குள் கொண்டு வராமல் நிபிகனுக்குப் போகாதே. குளிரில் கையும் காலும் வேலை செய்யும் அந்தப் பத்து நிமிடக் கணக்கு ஏன் சொன்னேன் என்று இப்போது விளங்கும். புறாமலை கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான் தம்பி. அங்கே போய் வந்தது நல்ல விஷயம், ஆனால் அதை வைத்து நிபிகனை அளக்காதே. கனடா திரும்பியதும் ஜூலையில் ஒரு சனி ஞாயிறு அல்கோன்குயின் பூங்காவின் ஒபியோங்கோ ஏரிக்குப் போ. அந்தப் பூங்காவின் பெரிய ஏரி அது, காற்றுக்குப் பேர் போனது. அங்கே நான்கு பேரும் ஒருவரோடொருவர் எப்படி ஒத்துப் போகிறீர்கள் என்பதும் தெரிந்துவிடும்.

கனூவுக்குள் பாரம் வைக்கும் முறையும் முக்கியம். காற்றுப் பக்கம் எதுவோ அந்த முனை கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். பின்காற்றில் பின் பக்கம், எதிர்காற்றில் முன் பக்கம். பைகளைக் கட்டி வை, கவிழ்ந்தாலும் அவை உள்ளே இருந்தால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வராது. 17 அடிக் கனூவும் அதற்கு மேல் பூட்டுகிற துணி மூடியும் வாடகைக்குக் கிடைக்கும். மூடி இல்லாமல் இந்த ஏரிக்குப் போக நான் சொல்ல மாட்டேன்.

சாமானில் சட்டம் கேட்பவை கொஞ்சம்தான்: ஆளுக்கொரு ஜக்கெட், 15 மீட்டர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு பாத்திரம், விசில். இதற்கு மேல் கனூவுக்கு ஒரு துடுப்பு கூடுதலாக. உடுப்பு கம்பளியோ செயற்கை இழையோ இருக்கட்டும். பருத்தி நனைந்தால் காயாது, சூட்டை உறிஞ்சிவிடும். ஜீன்ஸை வீட்டில் வை. சாரத்தைக் கூடாரத்துக்குள் மட்டும் உடு. மாற்றுடுப்பு ஒன்று நீர் புகாத பையில், எப்போதும் கைக்கெட்டும் இடத்தில். நுளம்பு வலை தலைக்கும் வேண்டும், நம் ஊர் நுளம்பை வைத்து அதை எடைபோடாதே.

சாப்பாடு பத்து நாளுக்கு இல்லை, பன்னிரண்டு நாளுக்கு. சாப்பாடு தீர்ந்தவன்தான் கெட்ட காற்றில் புறப்படுவான். மைசூர்ப் பருப்பு சீக்கிரம் வேகும், அரிசி, மா, அவல், செத்தல் மிளகாய் இடித்த தூள், தேங்காய்ப்பால் மா. கருவாடு வேண்டாம். எனக்கும் ஆசைதான், ஆனால் அந்த மணத்துக்குக் கறுப்புக் கரடி வந்துவிடும். எல்லாச் சாப்பாட்டையும் பூட்டுப் போடும் 60 லீற்றர் பீப்பாய்க்குள் வைத்து, இரவில் கூடாரத்திலிருந்து தள்ளி வை. மீன் பிடிக்க ஒன்ராறியோ அனுமதிப்பத்திரம் எடு. உலகத்திலேயே பெரிய புரூக் டிரவுட், ஆறரைக் கிலோ, நூறு வருடத்துக்கு முன் பிடிபட்டது அந்த நிபிகன் ஆற்றில்தான்.

உன் கூட்டாளிகளில் யாராவது ஊரிலிருந்து விசிட் விசாவில் வருகிறார்களா? கனடாவில் வசிக்காதவர் அந்தப் பக்கத்து அரச காணியில் கூடாரம் அடிக்கத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அப்புறம், கல் பே என்பது அனிஷினாபே பூர்வகுடி மக்களின் ஊர், கியாஷ்கே ஸாகிங் என்பது அவர்கள் வைத்த பேர். கனூவை இறக்குவதற்கு முன்னால் அவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டு, வாகனத்தை எங்கே விடலாம் என்று கேள். நம் ஊர்க் கரையில் ஒரு அந்நியன் வந்து வள்ளம் இறக்கினால் நாம் எதிர்பார்ப்பதும் அதைத்தானே. ஏரி எப்படி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

உள்ளே போனால் கைத்தொலைபேசி வேலை செய்யாது. செய்மதி வழியே செய்தி அனுப்பும் கருவி கனூவுக்கு ஒன்று வேண்டும், வானிலையும் அதிலேயே எடுக்கலாம். தினமும் ஒன்ராறியோ நேரம் இரவு எட்டு மணிக்கு "இன்ன இடம், நலம்" என்று ஒரு வரி அனுப்பு. நம் ஊரில் அப்போது காலை ஐந்தரை, உன் அம்மா எழும்பிவிடுவாள். ஆனால் ஒரு நாள் செய்தி வராவிட்டால் பதறக் கூடாது, பற்றரி போயிருக்கலாம், அடுத்த நாள் எட்டு மணி வரை பொறுக்க வேண்டும், அதற்குப் பிறகு யாருக்கு அழைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்துவிட்டுப் போ. மக்டயர்மிட்டில் ஏறும் நாளாக அந்தத் தாளில் ஐந்தாம் நாளை எழுதாதே. பத்தாம் நாளை எழுது. எழுதிக் கொடுத்த நாள் நெருங்குகிறது என்று ஒருவன் தவறான காலையில் புறப்படுவதை நான் கண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு அலஸ்தோட்டத்துக் கரைக்கு வா. வரைபடத்தை அச்சடித்துக்கொண்டு வா, ஒரு அடிமட்டமும் சிவப்புப் பேனையும் கொண்டு வா. கச்சான் எழும்புவதற்கு முன்னால் இடைவெளிகளை அளந்து முடித்துவிடலாம். எழும்பியதும் பேனையை வைத்துவிட்டு, கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நுரை தொடங்குகிறது என்று இரண்டு பேருமாகப் பார்ப்போம்.